மீதிப் பதினைந்து அடி

கேமராவை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கித் தூசு தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஓட்டாத கேமரா வெறும் கனம். என்னிடம் முப்பத்தொரு சினிமா கேமராக்கள் இருக்கின்றன. எல்லாம் எட்டு மில்லிமீட்டர் ஃபிலிம் ஓடுகிற, ஒரு கையில் அடங்குகிற, கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய கேமராக்கள். வீடியோ வந்ததும் எல்லாரும் இவற்றைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மாதத்துக்கு ஒன்றை எடுத்து, ஃபிலிம் போட்டு, மொட்டைமாடியில் எதையாவது படம் பிடித்து, எந்த லென்ஸ், எத்தனை அடி ஓடியது என்று நோட்டில் எழுதி வைப்பேன். பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கு லென்ஸ் தேய்க்கிறவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு வரும் என்று தம்பி கிண்டல் செய்வான்.

எனக்கு ஒரே தம்பி. பிறவியிலேயே காது கேட்காது, வாயால் பேச வராது. ஆனால் அவனைப்போல் ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. எல்லாம் கையால்தான். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு கையும் ஆரம்பித்துவிடும். யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், முதலாளி எப்படி மூக்கைச் சொறிந்தார், எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிடுவான். சாப்பிடும்போது பேசாதே என்று நான் அதட்டினால் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் பேசுவான். பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றிருந்தான்தான். ஆனாலும் எழுத்து அவனுக்குப் பால், சோப்பு, பல்ப் என்று பட்டியல் போடுவதற்கு மட்டும். மனசில் இருப்பதைச் சொல்லக் கைதான் வேண்டும்.

அவன் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. போவதற்கு முன்னால் எனக்கு ஏதோ சொல்லியிருக்கிறான். என் கேமராவை நிறுத்தி, அதன் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். என்னை மன்னித்தானா, இல்லை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றானா, அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி ஒரு பைண்டிங் கடையில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தான். அங்கே புத்தகங்களுக்கு நூல் தைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் காது கேட்காது. ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் இரண்டு விரலைக் காட்டினால் அது அவள் பெயர். தையல்காரி என்று நான் என் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வீட்டில் அந்த இரண்டு விரல் ஒரு நாளைக்கு நாற்பது தடவை வர ஆரம்பித்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ் கண்டக்டர், நிதானமான மனிதர். கையால் பேசுவதில் சாப்பாடு, தூக்கம், பணம் தவிர வேறு தெரியாது. அதனால் தம்பி சொல்வதை நான் அவருக்கும், அவர் சொல்வதை நான் தம்பிக்கும் சொல்ல வேண்டும். எனக்கு அது புதிதில்லை. பேங்க், ஆஸ்பத்திரி, வேலை கேட்டுப் போன இடம், எல்லாவற்றிலும் இருபது வருஷமாக நான்தான் அவன் வாய். உங்கள் தம்பிக்கு என் பெண்ணைக் கட்டிக்கொள்ள இஷ்டமா என்று அவர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று வந்தேன் என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் கேட்டேன். தம்பியின் கைகள் பறந்தன. ரொம்ப இஷ்டம், அடுத்த மாதமே என்றாலும் சரி, வீடுகூடப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றான். நான் கண்டக்டர் பக்கம் திரும்பி, “இப்ப கல்யாணமே வேண்டாங்கறான்” என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். அவன் முகமெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தான். மரியாதைக்குச் சிரிக்கிறான், யார் வந்தாலும் இப்படித்தான் சிரிப்பான் என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன். தம்பியிடம், யோசித்துச் சொல்கிறார்களாம் என்றேன். கண்டக்டர் கும்பிட்டுவிட்டுப் போனார். தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தான் தம்பி.

அவனுடைய நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது வடிகட்டின பொய். காரணம் பயம். அம்மா அப்பா போன பிறகு அந்த வீட்டில் நானும் அவனும்தான். அவன் வேறு வீடு பார்த்துப் போய்விட்டால், வாசலில் செருப்புக் கழற்றும்போதே கதை சொல்ல யார் வருவார்கள்? என் நாற்பத்து நாலு வயதுக்கு மிச்சம் முப்பத்தொரு கேமரா. அவ்வளவுதான் கணக்கு.

பொய் பத்து நாள் தாங்கியது. பத்து நாளும் தையல்காரி அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் பொறுக்க முடியாமல், என்னை ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டேவிட்டாள். அன்று மாலை தம்பி நேராக மொட்டைமாடிக்கு வந்தான். நான் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த புறாக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து அடி ஃபிலிம் ஓடியிருந்தது. இன்னும் பதினைந்து அடி பாக்கி.

ஏன், ஏன், ஏன் என்று கேட்டான். மாட்டிக்கொண்டால் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மற்றவர்கள் சண்டையில் முகத்தைத் திருப்பினால் அது கோபம். அவனிடம் திருப்பினால் அவன் வாயைப் பொத்துவதற்குச் சமம். அவன் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்தான். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். மறுபடி வந்தான். கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது மாடியில் புறாக்கள்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். காலையில் எழுந்து போவான், இரவு வந்து படுப்பான். தட்டு வைத்தால் சாப்பிடுவான். கை இரண்டும் தொடைமேல் சும்மா கிடக்கும். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. பத்தாம் நாள் பைண்டிங் கடையிலிருந்து டெலிபோன் வந்தது. வேலை நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது.

இரண்டு மாதம் நான் மாடிப் பக்கம் போகவில்லை. போனபோது ஸ்டாண்ட் அங்கேயே நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் கேமராவும் இருந்தது. அதை மூடியது நானில்லை. ஸ்டாண்டுக்கு எதிரே, புறாக்கள் உட்காரும் இடத்துக்குக் கீழே, சாப்பாட்டு மேஜையிலிருந்து காணாமல் போயிருந்த நாற்காலி. மழையில் நனைந்து உப்பியிருந்தது. கேமராவைக் கழற்றி எடுத்தேன். பழக்கதோஷம், என் கை தானாக லென்ஸ் தட்டைத் திருப்பி நடு லென்ஸுக்குக் கொண்டுவந்தது. அப்புறம்தான் ஃபிலிம் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். பத்தில் நிற்க வேண்டிய முள் இருபத்தைந்தில் நின்றது.

பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டால் கேமரா தானாக ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். நான் செய்யும்போது பார்த்திருக்கிறான். என் சினிமாவில் சத்தம் கிடையாது, எல்லாரும் தன்னைப்போல் ஊமை என்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். உலகத்திலேயே தனக்காக எடுக்கப்பட்ட சினிமா இதுதான் என்பான். எழுதிக் கொடுத்தால் நான் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன், நேரில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், படமாக ஓடினால் அக்கா கண் இமைக்காமல் பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மீதிப் பதினைந்து அடியும் என்னிடம் பேசியிருக்கிறான். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே வரும்.

ஃபிலிமைக் கழுவித் தர இப்போது ஆள் கிடைப்பதே பெரும்பாடு. வேறு ஊரில் ஒரு லேப்காரர் வீட்டிலேயே தொட்டி வைத்துக் கழுவுகிறார். அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் தினம் ஒரு பதில் கற்பனை செய்தேன். திட்டினால்கூடச் சரி. அதுவும் தம்பியின் திட்டுதானே. போய்த்தொலை என்று சொல்லியிருந்தால் அதையும் தினம் போட்டுப் பார்ப்பேன் என்று சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

லேப்காரர் டெலிபோன் செய்தார். குரலில் உற்சாகம்.

“பிரமாதமா வந்திருக்கும்மா. முதல்ல புறா. அப்புறம் ஒரு ஆளோட முகம். நெத்தியிலேர்ந்து காலர் வரைக்கும்தான், முகமே திரை பூரா. இவ்வளவு கிட்ட வெச்சு எடுக்க எல்லாருக்கும் தைரியம் வராது.”

கை தெரிகிறதா என்று கேட்டேன். கையா, கை எங்கே வரும், முகம்தானே எடுத்திருக்கிறீர்கள் என்றார்.

அந்தக் கேமராவின் முன்பக்கம் ஒரு வட்டத் தட்டில் மூன்று லென்ஸ்கள் இருக்கும். அகலமாகப் பார்க்க ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, தள்ளி இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்ட நீளமாய் ஒன்று. தட்டைத் திருப்பினால் வேண்டியது ஃபிலிமுக்கு நேரே வந்து நிற்கும். ஆனால் நாம் கண் வைத்துப் பார்க்கிற துவாரம் வேறு. அது பக்கத்தில் தனியாக இருக்கிறது, அதற்குத் தனி வளையம். லென்ஸை மாற்றினால் வளையத்தையும் கையால் மாற்ற வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, ஃபிலிமில் விழுவது வேறொன்று. எங்கள் கேமராக் கூட்டாளிகள் கூடும்போதெல்லாம், வேலை முடிந்ததும் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவராதவன் கேமராவைத் தொடவே கூடாது என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான்தான்.

அன்று மாடியில் புறாவுக்காக நீள லென்ஸைப் போட்டிருந்தேன். வளையத்தையும் அதற்கேற்பத் திருப்பியிருந்தேன். சண்டையில் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். தம்பி வந்து துவாரத்தில் கண் வைத்திருப்பான். நாற்காலியின் முதுகுப் பலகை மட்டும் தெரிந்திருக்கும். வளையத்தைத் திருப்பிப் பார்த்திருப்பான். நாற்காலி முழுசாகத் தெரிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்துப் போய் உட்கார்ந்திருப்பான். லென்ஸையும் திருப்ப வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அவன் கேமராவைக் கையில் எடுத்தாலே தொடாதே, உடைப்பாய் என்று பிடுங்கி வைக்கிறவள் எங்கே சொல்லிக்கொடுத்தேன்?

படம் வந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டு, சுவரில் ஓட்டினேன். புறாக்கள் போனதும் மங்கலாக ஒரு சட்டைத் துணி விலகியது. தம்பியின் முகம் சுவர் முழுக்க வந்து உட்கார்ந்தது. வலது புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு, இரண்டு நாள் தாடி. பேச ஆரம்பித்தான். முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. கண் விரிகிறது, சுருங்குகிறது, காலர் ஏறி இறங்குகிறது. கைகள் சுவருக்கு வெளியே எங்கேயோ பேசிக்கொண்டிருந்தன. அசட்டுத்தனம்தான், நான் எழுந்து போய்ச் சுவரில் அவன் முகத்துக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.

இரண்டு தடவை மட்டும் விரல்கள் படத்துக்குள் வந்தன. வந்து காதைப் பிடித்துத் திருகின. அது என் பெயர். சின்ன வயதில் நான் அவன் காதைத் திருகுவேன் என்பதால் எனக்கு வைத்த பெயர். அக்கா என்று கூப்பிடுகிறான். கூப்பிட்டுவிட்டுக் கை கீழே போய்விடுகிறது. அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு வேண்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு தடவை சாவி கொடுத்தால் கேமரா முப்பத்தைந்து நொடி ஓடும், அப்புறம் நின்றுவிடும். ஓடும்போது கர்ரென்று ஒரு சத்தம் வரும். அது அடங்கினால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அவனுக்கு எப்படிக் கேட்கும்? படம் பேச்சின் நடுவில் சட்டென்று அறுந்தது. நின்றுபோன கேமராவைப் பார்த்து எவ்வளவு நேரம் பேசினானோ. பிறகு எழுந்து வந்து பார்த்து, மறுபடி சாவி கொடுத்து, மறுபடி உட்கார்ந்து ஆரம்பிக்கிறான். அதுவும் நடுவிலேயே அறுந்தது. மூன்றாவது தடவை சட்டைத்துணி மட்டும் விலகியது, ஃபிலிம் தீர்ந்துவிட்டது.

ஒரு மாதம் தினம் போட்டேன். தோள் எந்தப் பக்கம் ஏறுகிறது, அப்போது எந்தக் கை எங்கே போகும் என்று கண்ணாடி முன் உட்கார்ந்து நானே செய்து பார்த்தேன். ஒரு நாள் கோபமில்லை என்று வந்தது. மறுநாள் அதே அசைவு, வீட்டை விட்டுப் போகிறேன் என்று வந்தது. எனக்கு வேண்டியதை நான் வரவழைக்கிறேன் என்று புரிந்தபோது நிறுத்தினேன். இதைப் படிக்கக்கூடிய ஆள் இன்னும் ஒருத்திதான் இருக்கிறாள். அவளிடம் போக எனக்கு முகம் இல்லை. ஆனாலும் போனேன்.

பைண்டிங் கடையில் தையல்காரி என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாக மட்டும் சொன்னாள். சொன்னபடி வந்தாள். எங்கள் வீட்டுக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. தம்பியின் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

மூன்று தடவை போட்டுக் காட்டினேன். நான் புரொஜெக்டர் பக்கத்தில், அவள் எனக்கு முன்னால் நாற்காலியில். இருட்டில் எங்களால் பேச முடியாது. மூன்றாவது தடவை முடிந்ததும் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினேன். அவள் என் பக்கம் திரும்பினாள். கண் காய்ந்திருந்தது.

“ரெண்டு தடவை உங்களைக் கூப்பிடறார். வேற எனக்குத் தெரியலை” என்றாள் கையால்.

“கோபமா இருக்கானா? அதையாவது சொல்லு. உனக்கு அவன் முகம் தெரியுமே.”

அவள் நிதானமாக, நான் ஒரு விரலைக்கூடத் தவறவிடக் கூடாது என்பதுபோல் சொன்னாள்.

“நான் எதை வேணும்னாலும் சொல்லலாம். கோபம் இல்லைன்னு சொன்னா நீங்க நம்புவீங்க. எங்க அப்பா நம்பலையா? ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல எனக்கு வரலை.”

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? பொய்யாவது சொல்லிவிட்டுப் போயேன் என்று கேட்க வந்த கையை அடக்கிக்கொண்டேன். ஒரே ஒரு வார்த்தை, பொய்யாக இருந்தாலும், அதை வைத்து நான் மீதி வருஷங்களை ஓட்டியிருப்பேன். அவள் அதைத் தர மாட்டாள். தர வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை மறுபடி சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். எதற்கு, ஒன்றும் தெரியவில்லை என்றாயே என்றேன்.

“அவர் பேசினது உங்களுக்கு. எனக்கு முகம் போதும்” என்றாள்.

திரையை மூடி, ஃபிலிமைக் கோர்த்துப் புரொஜெக்டர் விளக்கைப் போட்டேன். புறாக்கள் போய்த் தம்பி வந்தான். தையல்காரி முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் அவன் காதைத் திருகி என்னைக் கூப்பிட்டான். எனக்கு அழுகை வந்தது. அந்த அறையில் காது கேட்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் அடக்கவில்லை. வாய்விட்டு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன்.